கொள்ளளவும் இருப்பும்: சீனக்குடா எண்ணெய்க் குதம் முதல் கணினித் தட்டு வரை

திருகோணமலை உள்துறைமுகத்தை ஒட்டிய சீனக்குடாவில், ஏறத்தாழ 850 ஏக்கர் நிலத்தில், காட்டு மரங்களுக்கு நடுவே உருளை வடிவ எஃகுத் தாங்கிகள் நிற்கின்றன. பிரித்தானியக் கடற்படை தன் கப்பல்களுக்கான எரிநெய்யைச் சேர்த்துவைக்க, இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் கட்டத் தொடங்கிய குதம் இது. ஒவ்வொரு தாங்கியும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளும். மொத்தம் எத்தனை தாங்கி என்று கேட்டால் மட்டும் ஒரே விடை கிடைப்பதில்லை. கட்டப்பட்டவை 101 என்று குறிப்புகள் சொல்லும். 2022ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் பங்கிடப்பட்டவை 99. அதுவரை எண்ணெய் ஏற்றி இறக்கப் பயன்பட்டுவந்தவையோ பதினைந்தளவே. மூன்றும் சரியான எண்கள்தான். மூன்றும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள்.

எவ்வளவு கொள்ளும், இப்போது எவ்வளவு இருக்கிறது, அதில் எவ்வளவு உதவும் என்ற மூன்று கேள்விகளையும் பிரித்துப் பார்ப்பதே களஞ்சியக் கணக்கின் அடிப்படை. நெற்பட்டறைக்கும் குளத்துக்கும் எண்ணெய்த் தாங்கிக்கும் இது பொது. கணினியின் வன்தட்டில் எந்தக் கோப்புறை எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பார்க்கும் வேலையும் இதே கணக்கின் கிளைதான். திருகோணமலை மாவட்டத்தில் இந்தக் கணக்கின் பல படிகளை ஒரே நிலப்பரப்பில் காணமுடிகிறது.

நெல்லை மரைக்காலாலும் அவணத்தாலும் அளந்த கிழக்கு மாகாணத்துக்குக் கொள்ளளவுக் கணக்கு புதிதன்று. திருகோணமலைக்குத் தென்மேற்கே உள்ள கந்தளாய்க் குளத்தைத் தமிழ் மரபு குளக்கோட்டன் என்ற மன்னனோடும், பாளி வரலாற்றேடுகள் அநுராதபுர அரசர்களோடும் சேர்த்துச் சொல்லும். அத்தகைய குளத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று குடம் குடமாக அளக்க முடியாது. அளவுகம்பத்தில் நீர்மட்டம் எத்தனையாவது அடியில் நிற்கிறது என்றுதான் பார்க்க முடியும். ஆனால் அடிக்கணக்கு தண்ணீர்க் கணக்கு ஆகிவிடாது. குளத்தின் அடி குறுகியது, மேல் விரிந்தது. அடியில் ஓரடி நீர் சில வயல்களுக்கே காணும். வான் பாயும் மட்டத்துக்குச் சற்றுக் கீழே உள்ள ஓரடி அதைப்போல் பல மடங்கு. ஆகவே மட்டத்தைக் கொள்ளளவாக மாற்றித்தரும் அட்டவணை வேண்டும். வண்டல் படியப் படிய அந்த அட்டவணையும் மெல்லப் பிழைபட்டுவிடும்; கம்பம் அதே அடியைக் காட்டும், நீர் குறைந்திருக்கும். குளத்தையும் எண்ணெய்த் தாங்கியையும் ஆங்கிலேயர் 'டாங்க்' என்ற ஒரே சொல்லால் குறித்தனர். இரண்டையும் அளக்கும் முறையும் ஒன்றே: மட்டத்தைப் பார்ப்பது, பிறகு அட்டவணையைப் பார்ப்பது.

கடற்படைக்கு இந்தக் கணக்கு அவசியமானது நிலக்கரி போய் எண்ணெய் வந்தபோது. 1911 முதல் 1915 வரை வின்ஸ்டன் சேர்ச்சில் பிரித்தானியக் கடற்படைக்குப் பொறுப்பான அமைச்சராக இருந்தார். அக்காலத்தில் கட்டளையிடப்பட்ட குயீன் எலிசபெத் வகுப்புப் போர்க்கப்பல்கள் எண்ணெயால் மட்டுமே ஓடுவன. நிலக்கரி பிரித்தானியாவின் மண்ணிலேயே கிடைத்தது; எண்ணெய் கிடைக்கவில்லை. 1914இல் ஆங்கிலோ-பாரசீக எண்ணெய் நிறுவனத்தின் பெரும்பங்கை அரசு வாங்கியதற்குக் காரணம் இதுவே. 1921இல் சிங்கப்பூரில் பெருங்கடற்படைத் தளம் அமைப்பதென முடிவானதும், மத்தியதரைக் கடலிலிருந்து கிழக்கே வரும் கப்பற்படை வழியில் எங்கே எண்ணெய் நிரப்பும் என்ற கேள்வி எழுந்தது. ஆழமான, காற்றுக்கு மறைவான, பெரும் கப்பல்கள் பலவற்றை ஒருசேரத் தாங்கக்கூடிய திருகோணமலைத் துறைமுகம் அதற்கு ஏற்ற இடமாயிற்று.

நிலக்கரிக் குவியலைக் கண்ணாலேயே ஓரளவு மதிப்பிட்டுவிடலாம். மூடிய எஃகுத் தாங்கிக்குள் இருப்பதை வெளியில் நின்று எவராலும் சொல்லமுடியாது. தட்டிப் பார்த்தாலும் தெரியாது. குதத்தின் பேரேட்டில் எழுதியிருப்பதும் தாங்கிக்குள் இருப்பதும் ஒன்றுதானா என்பதை அறிய ஒரே வழி மேலே ஏறி அளப்பதுதான். அந்த அளவையே எண்ணெய்த் தொழிலில் 'டிப் எடுப்பது' என்பார்கள்.

டிப் எடுக்கும் நாடா எஃகால் ஆனது. அதன் நுனியில் பித்தளைக் குண்டு தொங்கும். பித்தளை எஃகில் மோதினால் தீப்பொறி பறக்காது என்பதற்காக அந்த உலோகம். அளப்பவர் தாங்கியின் பக்கப் படிகளில் ஏறி, காற்று தன் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று, கூரையில் உள்ள சிறு மூடியைத் திறப்பார். ஆவி முகத்தில் அடிக்காதிருக்க அந்த நிலை. நாடாவை மூடியின் உலோக விளிம்பில் படவைத்தபடியே இறக்க வேண்டும். உடலிலும் நாடாவிலும் தேங்கிய நிலைமின்னேற்றம் அந்தத் தொடுகையால் இறங்கிவிடும். குண்டு அடியிலுள்ள தகட்டைத் தொட்டதும் நாடாவை மேலே சுருட்டி, எண்ணெய் நனைத்த கோட்டைப் படிப்பார்கள். வெள்ளை எண்ணெய்களில் கோடு சட்டென்று ஆவியாகிவிடும் என்பதால் நாடாவில் ஒருவகைப் பசை தடவுவதுண்டு. தாங்கி அப்போதுதான் நிரப்பப்பட்டிருந்தால் மேற்பரப்பு அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். ஒருமுறை எடுத்த அளவை ஏற்பதில்லை. அடுத்தடுத்து எடுத்த அளவுகள் ஒத்துவரவேண்டும்.

அந்தக் கவனம் வீணன்று என்பதைச் சிறு கணக்கு காட்டும். 12,000 கிலோலீற்றர் கொள்ளும் தாங்கி 12 மீற்றர் உயரமானது என்று வைத்துக்கொண்டால் அதன் அடிப்பரப்பு 1,000 சதுர மீற்றர். அப்படியானால் நாடாவில் ஒரு மில்லிமீற்றர் பிழை 1,000 லீற்றர் பிழை. நகக்கீறல் அளவு கண் தவறினால் சில பீப்பாய் எண்ணெய் ஏட்டில் பிறக்கும், அல்லது மறையும்.

நாடா தருவது உயரத்தை மட்டும். உயரத்தை லீற்றராக்கும் அட்டவணையை ஒவ்வொரு தாங்கிக்கும் தனித்தனியே தயாரிக்க வேண்டும். ஒரே வரைபடத்தைப் பார்த்துக் கட்டிய நூறு தாங்கிகளும் நூறு விதமாகவே இருக்கும். தாங்கியின் சுவர் வளையம் வளையமாக அடுக்கிய தகடுகளால் ஆனது. ஒவ்வொரு வளையத்தின் சுற்றளவையும் எஃகு நாடாவால் வெளியே சுற்றி அளந்து, தகட்டின் தடிப்பைக் கழித்து, உள் விட்டத்தைக் கணக்கிடுவார்கள். உள்ளே நிற்கும் தூண்களும் குழாய்களும் பிடித்துக்கொள்ளும் இடத்தையும் கழிக்க வேண்டும். அடித்தகடு ஒருபோதும் முழுச் சமதளமாக இராது. மேடும் பள்ளமுமான அந்தப் பகுதியை, அளந்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுத்தான் சரியாக அறியமுடியும். நிரம்பும்போது திரவத்தின் பாரத்தால் சுவர் வெளித்தள்ளி விரிவதையும் சேர்த்துக்கொள்வார்கள். இத்தனையும் முடிந்தபின் கிடைப்பது சில பக்க எண்கள். குதத்தின் மிக மதிப்புள்ள ஆவணம் அதுவே என்று சொன்னால் மிகையாகாது. அது தொலைந்தால் நாடா காட்டும் உயரத்துக்குப் பொருளில்லை.

இந்தக் கலை எண்ணெய்க்கு முற்பட்டது. ஐரோப்பாவின் வைன் பீப்பாய்களில் வளர்ந்தது. வானியலாளர் யொஹான்னஸ் கெப்ளர் 1613இல் தன் இரண்டாம் திருமணத்துக்காக வைன் வாங்கியபோது, வணிகர் பீப்பாயின் துளைவழியே ஒரு கோலைச் சாய்வாக விட்டு, நனைந்த நீளத்தைக் கொண்டே விலை சொன்னார். பீப்பாயின் வடிவம் மாறினால் அதே நீளம் வேறு கொள்ளளவைக் குறிக்குமே என்று கெப்ளருக்கு ஐயம் எழுந்தது. அந்த ஐயத்தின் விளைவாக 1615இல் பீப்பாய்களின் கன அளவு பற்றி அவர் எழுதிய நூல், பிற்காலத் தொகையீட்டுக் கணிதத்துக்கு வழிவகுத்த நூல்களுள் ஒன்று. தாங்கியின் மூடியிலிருந்து எண்ணெய்ப் பரப்புவரை உள்ள வெற்றிடத்தை அளக்கும் இன்னொரு முறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரும் பீப்பாய்த் தொழிலிலிருந்து வந்ததே. கரிய, தடித்த கப்பல் எரிநெய்க்கு இம்முறை வசதி. நாடா முழுதும் எண்ணெய் அப்பாது.

உயரமும் அட்டவணையும் கையில் இருந்தாலும் கணக்கு முடிந்துவிடாது. எண்ணெய் சூட்டில் விரியும். டீசல் போன்ற எண்ணெய் ஒரு பாகை செல்சியசுக்கு ஏறத்தாழ ஆயிரத்தில் 0.8 பங்கு விரிவதாகக் கொண்டால், நிறைந்த 12,000 கிலோலீற்றர் தாங்கி பத்துப் பாகை சூடேறினால் 96 கிலோலீற்றர் கூடியதுபோல் காட்டும். ஒரு துளியும் உள்ளே வந்திராது. ஆகவே வெப்பமானியைச் சிறு கிண்ணத்தில் வைத்து மேல், நடு, கீழ் மட்டங்களுக்கு இறக்கி, சராசரி வெப்பநிலையைக் கண்டு, கொள்ளளவை ஒரு பொதுவான வெப்பநிலைக்கு மாற்றி எழுதுவர். பிரித்தானியர் காலத்தில் அது 60 பாகை பாரன்ஹைற். மெற்றிக் முறையில் 15 பாகை செல்சியஸ். பங்குனி, சித்திரை வெயிலில் காயும் திருகோணமலையில் இரண்டுமே தாங்கியின் உண்மையான வெப்பநிலைக்கு வெகு கீழே இருப்பவை. எனவே இங்கு அளந்த ஒவ்வொரு அளவும் இந்தத் திருத்தத்தோடுதான் ஏட்டில் ஏறவேண்டும்.

தண்ணீரும் உண்டு. கப்பலிலிருந்தும் மழையிலிருந்தும் ஈரக்காற்றிலிருந்தும் வந்து சேரும் நீர் எண்ணெயைவிடக் கனமாதலால் அடியில் தங்கும். நீர் பட்டால் நிறம் மாறும் பசையைக் குண்டில் தடவி இறக்கினால் எத்தனை அங்குலம் நீர் என்று தெரியும். அதைக் கழிக்க வேண்டும். வெளியேறு குழாயின் வாய்க்குக் கீழே உள்ள எண்ணெயைச் சாதாரணமாக எடுக்கவே முடியாது. மேலேயும் பாதுகாப்புக்காக ஓரளவு வெற்றிடம் விடவேண்டும். கொள்ளளவு என்று தகட்டில் பொறித்த எண், எடுத்துக் கப்பலுக்குக் கொடுக்கக்கூடிய எண்ணெயைவிட எப்போதும் பெரிது.

இரண்டாம் உலகப் போர் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது. 1942 ஏப்ரல் 9 அன்று கடற்படைத் தளபதி நாகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கின. அன்றே மட்டக்களப்புக் கடலில் பிரித்தானிய விமானந்தாங்கி ஹெர்மிஸ் மூழ்கடிக்கப்பட்டது. ஒரு ஜப்பானிய விமானம் எண்ணெய்த் தாங்கியொன்றில் மோதியதென்றும், அந்தத் தாங்கி ஏழு நாட்கள் எரிந்ததென்றும் உள்ளூரில் சொல்லப்பட்டுவருகிறது. உருகி நெளிந்த அதன் எஃகு அந்தச் சூட்டுக்குச் சாட்சி. தாங்கிகளைத் தனித்தனியே சுவர் சூழ, இடைவெளி விட்டுக் கட்டியதன் பயனும் அன்று தெரிந்தது: அருகில் நின்றவை தப்பின. ஒரே பெருந்தாங்கிக்குப் பதில் பல சிறு தாங்கிகள் என்பது அளப்பவர்களுக்குப் பெரும் வேலை. இழப்பின்போது அதுவே காப்பு.

அளவு பிழைத்தால் என்ன ஆகும் என்பதற்குத் துறைமுகத்தின் மிகப் பெரிய சான்று இரண்டாண்டு கழித்து வந்தது. கப்பலின் அடிப்பாகத்தைச் செப்பனிடும் மிதக்கும் தளம் ஒன்று திருகோணமலையில் இருந்தது. 23ஆம் இலக்கக் கடற்படை மிதவைத்தளம். அத்தகைய தளத்தின் உடல் முழுதும் நீர்த்தாங்கிகள். அவற்றில் கடல்நீரை விட்டால் தளம் அமிழும். கப்பல் உள்ளே வந்தபின் நீரை இறைத்தால் கப்பலைத் தூக்கிக்கொண்டு மிதக்கும். எந்தத் தாங்கியில் எவ்வளவு நீர் எஞ்சியிருக்க வேண்டும் என்பது, அதற்கு நேர் மேலே கப்பலின் பாரம் எவ்வளவு என்பதைப் பொறுத்தது. 1944 ஓகஸ்ட் 8 அன்று அதில் ஏற்றப்பட்டது வேலியன்ற் என்ற போர்க்கப்பல். எண்ணெய்க் குதங்களின் பிறப்புக்கே காரணமான குயீன் எலிசபெத் வகுப்பைச் சேர்ந்தது அது. வெடிபொருட்களை இறக்காமலே கப்பல் தூக்கப்பட்டது. தாங்கிகளிலிருந்து நீரை இறைத்த வரிசையும் அளவும் கப்பலின் பாரப் பரவலோடு பொருந்தவில்லை. தளத்தின் முதுகெலும்பு முறிந்து, அது மூழ்கியது. வேலியன்ற் மிதந்து தப்பினாலும் அதன் உந்துபகுதி சேதமுற்றது; முன்னணிப் போர்க்கப்பலாக அது மீளவில்லை. தளத்தின் மொத்தத் தூக்குதிறன் கப்பலின் எடையைவிட அதிகம். மொத்தக் கணக்கில் குறையில்லை. தாங்கிவாரியான கணக்கில்தான் குறை இருந்தது.

அடுத்த ஆண்டு ஜனவரி 16 அன்று பிரித்தானியப் பசிபிக் கப்பற்படை திருகோணமலையிலிருந்து புறப்பட்டு, போகும் வழியில் சுமாத்திராவின் பலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளைத் தாக்கியது. 1957 ஒக்ரோபரில் கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. 1961ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் உருவாயிற்று. ஆனால் ஒரு பேரரசின் கப்பற்படைக்காகக் கட்டிய குதம் சிறிய நாடொன்றின் தேவையைவிட மிகப் பெரிது. மேற்குக் கரையில் கொழும்பும் சப்புகஸ்கந்தையும் எரிபொருள் வழங்கலின் மையமாக, சீனக்குடாவின் பெரும்பாலான தாங்கிகளைக் காடு மூடியது. 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களில், அவற்றை இரு நாடுகளும் கூட்டாகப் புதுப்பித்து இயக்கும் என்று எழுதப்பட்டது. உள்நாட்டுப் போர்ச்சூழலில் அது நீண்டகாலம் எழுத்தாகவே இருந்தது.

தாங்கிகள் வெறுமையாகக் கிடந்த அதே காலத்தில் வேறொரு வகைக் களஞ்சியம் உலகில் வளர்ந்தது. 1956இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டு, 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளில் ஐம்பது இலட்சம் எழுத்துக்களைக் கொண்டது. இதிலும் உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது. நிறைந்த தட்டும் வெறுந்தட்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், எடையிலும் வேறுபாடில்லை.

அந்தத் தட்டுக்கான டிப் நாடா அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் உருவானது. கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் உருவாக்கிய யுனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் கையேடு 1971 நொவம்பர் 3 என்ற நாளைத் தாங்கியது. அதிலேயே 'டியூ', 'டிஎஃப்' என்ற இரு கட்டளைகளும் உள்ளன. முதலாவது தட்டின் பயன்பாட்டைச் சொல்லும். இரண்டாவது தட்டில் எஞ்சிய இடத்தைச் சொல்லும். ஒரு கோப்புறையைக் காட்டினால் டியூ அதனுள் இறங்கும். அங்குள்ள ஒவ்வொரு கோப்புறைக்குள்ளும் இறங்கி, கடைசிக் கிளைவரை போய், கோப்புகள் பிடித்த இடத்தைக் கூட்டிக்கொண்டே மேலேறி வரும். குதத்தின் ஒவ்வொரு தாங்கிமேலும் ஏறி அளந்து கூட்டுவதுபோன்றது இது. டிஎஃப் அப்படி எங்கும் ஏறி இறங்குவதில்லை. கோப்பமைப்பு தானே வைத்திருக்கும் பேரேட்டைப் பார்த்து மீதியைச் சொல்லிவிடும். அதனால்தான் டிஎஃப் உடனே விடை தர, டியூ நிறைந்த தட்டில் நெடுநேரம் எடுத்துக்கொள்கிறது.

இரண்டும் ஒத்துப்போகாத வேளைகள் உண்டு. யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில், ஒரு மென்பொருள் திறந்து வைத்திருக்கும் கோப்பை வேறொருவர் அழித்தால், கோப்பின் பெயர் கோப்புறையிலிருந்து போய்விடும். ஆனால் மென்பொருள் கோப்பை மூடும்வரை இடம் விடுபடாது. டியூவின் கண்ணில் அது படாது. டிஎஃப்பின் பேரேட்டில் இடம் நிரம்பியதாகவே இருக்கும். குதத்தில் ஏட்டு இருப்பும் டிப் இருப்பும் வேறுபட்டால் எங்கே பிசகு என்று தேடுவதுபோலவே கணினி நிருவாகிகளும் இந்த வேறுபாட்டை வைத்தே பழுதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

கோப்பின் அளவும் அது பிடிக்கும் இடமும் ஒன்றல்ல என்பது இன்னொரு நுட்பம். தட்டில் இடம் துண்டு துண்டாகவே கொடுக்கப்படும். தொடக்ககால யுனிக்ஸில் ஒரு துண்டு 512 பைட்டு. இன்று வழக்கமாக 4,096 பைட்டு. 'திருகோணமலை' என்ற சொல் யூனிகோட் முறையில் பத்துக் குறியீடுகள் கொண்டது. இணையத்தில் பரவலாக வழங்கும் யூடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட்டு. ஆக 30 பைட்டு. அந்த ஒரு சொல்லை மட்டும் ஒரு கோப்பில் எழுதிச் சேமித்தால் கோப்பின் அளவு 30 பைட்டு, அது தட்டில் பிடிக்கும் இடம் பெரும்பாலும் 4,096 பைட்டு. மறுதலையாகவும் நடக்கும். நடுவே எழுதப்படாத வெற்றுப் பகுதிகளை உடைய கோப்பு, பல கோடி பைட்டு அளவுள்ளதாகத் தன்னைக் காட்டிக்கொண்டே தட்டில் சில துண்டுகளை மட்டும் பிடித்திருக்கும். வரைபடத்தில் தாங்கி உண்டு, தாங்கிக்குள் எண்ணெய் இல்லை என்பதற்கு இது ஒப்பு. கோப்புறையின் இடத்தைப் பார்க்கும் மென்பொருள்கள் பலவும் 'அளவு', 'தட்டில் பிடித்த அளவு' என்று இரண்டு எண்களைத் தருவது இதனாலேயே.

அலகுக் குழப்பமும் பழையதே. பிரித்தானிய கலன் ஏறத்தாழ 4.55 லீற்றர், அமெரிக்க கலன் 3.79 லீற்றர், சொல் ஒன்றுதான். அதுபோல ஒரு டெராபைட் என்று விற்கப்படும் வன்தட்டு இலட்சம் கோடி பைட்டு கொண்டது. ஆனால் விண்டோஸ் 1,024இன் மடங்குகளில் எண்ணுவதால் அதை 931 ஜிகாபைட் என்று காட்டும். எதுவும் தொலைந்துவிடவில்லை, அளவுகோல்தான் வேறு. இரண்டு வகை அலகுகளுக்கும் தனித்தனிப் பெயர்களைச் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998இல் வகுத்தது. வழக்கத்தில் பழைய பெயர்களே ஓங்கி நிற்கின்றன.

எண்களின் நீண்ட பட்டியலில் பெரிய கோப்புறை எது என்று தேடுவது களைப்பூட்டும் வேலை. மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் பென் ஷ்னைடர்மனின் ஆய்வுகூடத்தில் பதினான்கு பேர் பகிர்ந்துகொண்ட 80 மெகாபைட் தட்டு ஒன்று அடிக்கடி நிரம்பியது. யார், எதனால் நிரப்புகிறார்கள் என்று அறிய அவர் 1990இல் ஒரு வழி கண்டார். திரை முழுவதையும் ஒரு செவ்வகமாகக் கொண்டு, ஒவ்வொரு கோப்புறைக்கும் அது பிடித்த இடத்துக்கு ஏற்ற பரப்பை வெட்டிக்கொடுத்து, அதற்குள் உட்கோப்புறைகளை மீண்டும் வெட்டுவது அவ்வழி. காணிப் படம்போலத் தட்டு முழுதும் ஒரே பார்வையில் விரியும். விண்டோஸ் கணினிகளில் 2003 முதல் பரவிய வின்டிர்ஸ்டாற் இந்த மரபில் வந்தது. க்னோம் திரைச்சூழலில் உள்ள மென்பொருளுக்கு பேயோபாப் என்று பெயர். மன்னாரில் பருத்த அடியோடு நிற்கும் பெருக்கமரத்தின் பெயர் அது. அந்த மென்பொருள் கோப்புறைகளை மரத்தின் வளையங்கள்போல வட்டமாகவும் காட்டும்.

ஈழத்துத் தமிழுக்கு இந்தக் கணக்கு நேரடியாகத் தேவைப்பட்ட இடம் நூல்களை எண்ணிமப்படுத்தும் பணி. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம் இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் வருடிச் சேர்த்துவருகிறது. 2,000 குறியீடுகள் கொண்ட தமிழ்ப் பக்கத்தை எழுத்தாகத் தட்டச்சிட்டால் 6,000 பைட்டு போதும். அதே பக்கத்தை ஏ4 அளவில், அங்குலத்துக்கு 300 புள்ளியாக, வண்ணத்தில் வருடினால் சுருக்குவதற்கு முன் ஏறத்தாழ 26 மெகாபைட். நாலாயிரம் மடங்குக்கும் மேல். யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை அறிந்த சமூகத்துக்குப் பக்கத்தின் படமே வேண்டும், அதிலும் ஒன்றுக்கு மேற்பட்ட படிகள் வேண்டும். அப்படிப்பட்ட சேகரிப்பில் கோப்புறைவாரியாக இடம் பார்ப்பது அன்றாடக் கடமை.

எண்ணெய்த் தாங்கியின் அளவும் காலப்போக்கில் கணினித் திரைக்கு வந்தது. முதலில் மிதவையும் நாடாவும் கொண்ட தானியங்கி அளவிகள், பிறகு கூரையிலிருந்து நுண்ணலையை அனுப்பி எதிரொலியால் மட்டம் காணும் ராடார் அளவிகள் வந்தன. ஆயினும் அவற்றைச் சரிபார்க்க நாடா இன்னும் இறங்குகிறது. ராடார் காட்டுவதும் மட்டத்தைத்தான். அட்டவணை இல்லாமல் அதனாலும் லீற்றர் சொல்ல முடியாது.

2003இல் 35 ஆண்டுக் குத்தகை ஏற்பாட்டின்கீழ் இந்தியன் ஒயில் நிறுவனத்தின் இலங்கைக் கிளையான லங்கா ஐஓசி சீனக்குடாவுக்கு வந்தது. அது இயக்கியவை குதத்தின் கீழ்ப் பகுதித் தாங்கிகளே. மேல் பகுதி காட்டுக்குள் கிடந்தது. 2022 ஜனவரி 6 அன்று கையெழுத்தான ஒப்பந்தங்களின்படி 14 தாங்கிகள் லங்கா ஐஓசிக்கும், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், எஞ்சிய 61 இரண்டும் சேர்ந்து அமைத்த திருகோணமலைப் பெற்றோலிய முனைய நிறுவனத்துக்கும் பிரிந்தன. அந்தக் கூட்டு நிறுவனத்தில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம், லங்கா ஐஓசிக்கு 49 வீதம். காகிதத்தில் 61 தாங்கிகளின் கொள்ளளவு ஏழு இலட்சம் கிலோலீற்றருக்கு மேல்.

பல பத்தாண்டுகள் கைவிடப்பட்ட தாங்கியை அந்த எண்ணில் சேர்ப்பதற்கு முன் செய்யவேண்டியவை ஒழுங்காக வகுக்கப்பட்டவை. சுற்றியுள்ள மரஞ்செடிகளை வெட்டி, அடியில் கெட்டியாகிப்போன பழைய எண்ணெய்க் கசட்டை அகற்றி, துருவைச் சுரண்டி, தகட்டின் தடிப்பைப் புள்ளி புள்ளியாக அளந்து, மெலிந்த தகடுகளை மாற்ற வேண்டும். குழாய்களும் அடைப்பிதழ்களும் தீயணைப்பு ஏற்பாடும் புதிதாக வேண்டும். பிறகு தாங்கியை நீரால் நிரப்புவார்கள். 12,000 கிலோலீற்றர் நீரின் பாரம் 12,000 தொன். எண்ணெய் அதைவிட இலேசு. அந்தப் பாரத்தில் ஒழுக்கு இருந்தால் தெரியும், அடித்தளம் தாழ்வதானால் தாழும், சுவர் எவ்வளவு வெளித்தள்ளுகிறது என்பதும் புலப்படும். நீரை வடித்தபின் வளையம் வளையமாகச் சுற்றளவை மீண்டும் அளந்து, அடியின் மேடுபள்ளத்தைக் கணக்கெடுத்து, புதிய அட்டவணை எழுதப்படும். கடற்படைக் காலத்து அட்டவணை கிடைத்தாலும் அதைப் பயன்படுத்த முடியாது. தகடு மாறியிருக்கும், அடி தாழ்ந்திருக்கும், அடியும் அங்குலமும் போய் மீற்றரும் மில்லிமீற்றரும் வந்திருக்கும். புதிய அட்டவணை ஒப்புதல் பெற்றபின்தான் முதல் எண்ணெய் உள்ளே விடப்படும். அது அடங்கியதும் முதல் டிப் எடுக்கப்படும்.